பெருங்கொன்றையிலிருந்து ஆறு உடைகள்: பெங்களூரில் ஃபேஷன் படிக்க வந்தவர்களுக்கு

ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், கோலார் தங்கவயல் ஆகிய ஊர்களிலிருந்து பெங்களூருக்கு ஃபேஷன் படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர், இறுதியாண்டில் சொந்தமாக ஓர் உடைத் தொகுப்பைச் செய்ய வேண்டிய நேரம் வரும்போது, ‘இயற்கை’ என்பதைக் கருப்பொருளாக எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதன் பிறகு ஓவியப் புத்தகத்தில் பட்டாம்பூச்சி, மயிலிறகு, தாமரை, கடல் அலை என்று கைபேசியில் இறக்கிய படங்கள் நிறைகின்றன. கடைசியில் ஒரு பூவின் படம் துணியில் அச்சாகிறது. அத்துடன் வேலை முடிந்துவிடுகிறது. அல்சூரில் பேட்டர்ன் வெட்டும் தொழில் செய்துகொண்டு, மாலை வேளைகளில் இந்த மாணவர்களுக்கு உதவிவரும் எனக்கு, இதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கேட்பதில்லை. அவர்களிடம் உழைப்புக்குக் குறைவில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் போதும்.

சங்கப் பாடல் ஒன்றில், வாடி வந்த பொருநனுக்கு அரசன் கொடுத்த ஆடையைப் புலவர் பாம்பின் உரிக்கு ஒப்பிடுகிறார். இழை போகும் வழியைக் கண் தொடர முடியாத அளவுக்கு அது நுண்மையானது என்கிறார். அந்த ஆடையில் பாம்பின் உருவம் இருந்ததாக அவர் சொல்லவில்லை. உரியின் மென்மையும் நுண்மையும்தான் துணிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. 1947இல் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் தம் முதல் தொகுப்பின் ஒரு வரிசைக்கு ‘கொரோல்’, அதாவது அல்லிவட்டம், என்று பெயர் வைத்தபோதும் நடந்தது இதுவே: இடையில் இறுகிக் கீழே அகன்று விரியும் பாவாடையின் வடிவமே அங்கே பூவாக நின்றது. நீங்கள் எடுத்துக்கொண்ட பொருள் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எப்படி மடிகிறது, எப்படி நிறம் மாறுகிறது என்பதைக் கண்டறிந்து, அதையே துணியில் செய்து பார்ப்பதுதான் நான் இங்கே சொல்லும் முறை.

ஒன்றைத் தேர்ந்தெடுத்தல்

‘இயற்கை’ என்பது ஒரு தொகுப்புக்கு மிகப் பெரிய சொல். ‘மரம்’ என்பதும் பெரிதுதான். ‘எங்கள் விடுதி வாசலில் நிற்கும் பெருங்கொன்றை’ என்று சொன்னால் அளவு சரியாக இருக்கும். தேர்ந்தெடுத்த பொருளிடம் வாரந்தோறும் நடந்தே போய்வர முடியுமா, அதைக் கையில் எடுத்துப் பார்க்க முடியுமா, மூன்று மாதத்தில் அது மாறுவதைக் காண முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்றுக்காவது ‘இல்லை’ என்ற பதில் வந்தால், அந்தப் பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பவளப்பாறையைத் திரையில் மட்டுமே பார்த்த ஒருவர், வேறொருவரின் கண் பார்த்ததைத்தான் திரும்பச் செய்ய முடியும்.

இந்த விஷயத்தில் பெங்களூரில் படிப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லால்பாக் தோட்டத்தைப் பொறுப்பேற்று நடத்திய ஜெர்மானியரான க்ரும்பிகல், ஆண்டின் எந்த மாதத்திலும் ஏதேனும் ஒரு மரம் பூத்திருக்கும்படி சாலையோர மரங்களைத் தேர்ந்து நட வைத்தார். அதன் பயனாக ஆண்டுத் தொடக்கத்தில் இளஞ்சிவப்பு டபேபுயாவும், மார்ச் வாக்கில் ஊதா ஜகரண்டாவும், கோடையில் மயில்கொன்றையும் பெருங்கொன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. உங்கள் செமஸ்டர் எந்த மாதத்தில் தொடங்குகிறது என்று பார்த்து, அதற்கேற்ற மரத்தைத் தேர்ந்தெடுங்கள். மரத்தில் மனம் செல்லாதவர்கள் லால்பாக் பாறைக்குப் போகலாம். ஏறத்தாழ 300 கோடி ஆண்டு வயதுடைய அந்த நைஸ் பாறையில் வெளிர் பட்டையும் கரும் பட்டையும் மாறி மாறி நெளிந்தோடுவதைப் பார்த்தால், ஒரு நெசவுக் கோடு எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்பதற்கு அது ஒரு பாடம்.

இக்கட்டுரைக்கு நான் பெருங்கொன்றையை எடுத்துக்கொள்கிறேன். இயல்வாகை என்றும் இதைச் சொல்வதுண்டு. இதன் மஞ்சள் இதழ்கள் கசக்கி விரித்த காகிதம் போலச் சுருங்கியிருக்கும். மொட்டுகள் துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் மென்மயிர் போர்த்தியிருக்கும். காய்கள் தட்டையாக, செம்பு நிறத்தில், இரண்டு முனையும் கூர்ந்து, ஓரத்தில் மெல்லிய சிறகோடு தொங்கும். பூ உதிர்ந்த பிறகும் காய்கள் பல மாதம் மரத்திலேயே இருப்பதால், தேர்வு முடியும்வரை உங்களுக்குப் பொருள் கையில் கிடைக்கும்.

பார்த்தல்

முதல் மூன்று வாரங்களுக்கு உடை எதையும் வரைய வேண்டாம். இதை மாணவர்கள் ஏற்பதற்குக் கொஞ்சம் சிரமப்படுகிறார்கள், ஆனால் இங்கே அவசரப்பட்டால் பின்னால் எல்லாப் படியிலும் அது தெரியும். ஒரு கைலென்ஸ், ஒரு மில்லிமீட்டர் அளவுகோல், கோடில்லாத நோட்டு, பென்சில் ஆகியவை போதும். கீழே விழுந்ததை மட்டும் எடுங்கள். லால்பாக்கிலும் கப்பன் பார்க்கிலும் எதையும் பறிக்கக் கூடாது. ஜனவரியிலும் ஆகஸ்டிலும் லால்பாக்கில் மலர்க் கண்காட்சி நடக்கும் நாள்களில் கூட்டத்தில் உட்கார்ந்து வரைய இயலாது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரையும்போது தாளைப் பார்க்காமல், பொருளின் விளிம்பை மட்டுமே கண்ணால் பின்தொடர்ந்து, கண் போகும் வேகத்திலேயே கையை நகர்த்துங்கள். படம் கோணலாக வரும், வரட்டும். பத்தாவது முறை வரையும்போது, காயின் ஓரம் நேர்கோடாக இல்லை, விதை இருக்கும் இடத்தில் லேசாகப் புடைத்து அடுத்த விதைக்கு முன் ஒடுங்குகிறது என்பது உங்கள் கைக்குத் தெரிந்துவிடும். படத்துக்குப் பக்கத்தில் வினைச்சொற்களை எழுதி வையுங்கள்: சுருங்குகிறது, தாங்குகிறது, ஒளிகசிகிறது, உரிகிறது, முறுக்கிக்கொள்கிறது. ‘அழகு’, ‘மென்மை’ என்று எழுதிய பக்கத்திலிருந்து உடை பிறப்பது கடினம்; ‘ஓரம் மட்டும் விறைப்பாக நிற்கிறது’ என்று எழுதிய பக்கத்திலிருந்து நேரடியாகத் தைக்கத் தொடங்கலாம்.

பிறகு அளவெடுங்கள். என் மேசையில் இப்போது இருக்கும் காய் 8 செ.மீ. நீளமும் 2 செ.மீ. அகலமும் உடையது, அதன் ஓரச் சிறகு 4 மி.மீ. அகலம். அதாவது மொத்த அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. கையில்லாத ஒரு ஜாக்கெட்டின் முன்பாகம் 25 செ.மீ. அகலமென்றால், அதன் ஓரப்பட்டை 5 செ.மீ. இருக்க வேண்டும் என்பதை இந்தக் காயே சொல்லிவிடுகிறது. பட்டை எவ்வளவு அகலம் வைக்கலாம் என்று நடுவர் குழு கேட்கும்போது ‘கண்ணுக்கு நன்றாக இருந்தது’ என்று சொல்வதைவிட இந்தப் பதில் உங்களுக்குத் துணை நிற்கும்.

நிறத்தை நூலில் பிடித்தல்

தமிழர்களாகிய நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. நம் புடவைக் கடைகளின் நிறப் பெயர்கள் பெரும்பாலும் இயற்கையிலிருந்து வந்தவை: கத்திரிப்பூ, மாந்தளிர், கிளிப்பச்சை, வெங்காயத்தோல், மயில்கழுத்து. மயில்கழுத்து என்பது ஒரே நிறத்தின் பெயரும் அன்று. பாவில், அதாவது நீள நூலில், ஒரு நிறமும் ஊடையில், அதாவது குறுக்கு நூலில், வேறொரு நிறமும் ஓடுவதால், துணி அசையும்போது நிறம் மாறித் தெரிவதன் பெயர் அது. மயிலின் கழுத்தில் ஒளி செய்வதை நெசவாளர் இரண்டு நூலால் செய்திருக்கிறார். தாழையின் முள் ஓரத்தைப் புடவைக் கரையில் வரிசையான பற்களாகச் சுருக்கிய தாழம்பூ ரேக்கும் இதே வகைச் சிந்தனைதான். பாட்டியின் புடவைகளை ஒரு நாள் வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

நிறத்தை நோட்டில் பெயின்ட்டால் தீட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். சிக்பேட்டையில் தையல் நூல் விற்கும் கடைக்குப் பகல் வெளிச்சம் இருக்கும்போது, காயையும் இதழையும் கையில் எடுத்துக்கொண்டு போய், நூல்கண்டுகளை வாசலுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கடைக்குள் எரியும் விளக்கின் கீழ் பொருந்திய நிறம் தெருவில் பொருந்தாமல் போகும். வாங்கிய நூல்களை 5 செ.மீ. அகலமுள்ள அட்டையில், மரத்தில் அந்த நிறம் எவ்வளவு இருக்கிறதோ அந்த விகிதத்தில் நெருக்கமாகச் சுற்றுங்கள். மாணவர்கள் பூவின் மஞ்சளுக்கே அட்டையில் பாதியைக் கொடுத்துவிடுவது வழக்கம். மரத்தடியில் நின்று நிமிர்ந்து பார்த்தால், இலையின் கரும்பச்சையும் கிளையின் சாம்பலும் காயின் செம்பும்தான் நிறைந்திருக்கும். மஞ்சள் நுனிகளில் மட்டும் எரியும். அந்த அட்டையில் இருக்கும் விகிதமே பின்னர் ஆறு உடைகளிலும் நிறம் எவ்வாறு பகிரப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும்.

துணியில் செய்து பார்த்தல்

இப்போது வினைச்சொற்களைத் துணியாக்க வேண்டும். 15 செ.மீ. சதுரத்தில் குறைந்தது இருபது மாதிரிகள் செய்யுங்கள். மூன்று தேறினால் போதும். இதழின் சுருக்கத்துக்கு, நனைத்த மல் துணியை இருவர் இரு முனையைப் பிடித்துக்கொண்டு, அது தானாகவே கயிறாகச் சுருண்டு மடங்கும்வரை முறுக்கிக் கட்டி நிழலில் உலரவிடுங்கள். பிரித்தால் இதழில் கண்ட அதே ஒழுங்கற்ற நீள்சுருக்கம் இருக்கும். நனைத்தாலோ இஸ்திரி போட்டாலோ பருத்தியில் இது போய்விடும் என்பதை முன்பே அறிந்துகொள்ளுங்கள். இஸ்ஸே மியாகே 1993இல் கொண்டுவந்த ‘ப்ளீட்ஸ் ப்ளீஸ்’ உடைகளின் மடிப்பு நிலைத்திருப்பதற்குக் காரணம் அது பாலியெஸ்டர் என்பதுதான். உடையைப் பெரிய அளவில் தைத்து, பிறகு வெப்பத்தில் அழுத்தும்போது, அந்த இழை இளகி, ஆறுகையில் மடிப்பைப் பிடித்துக்கொள்கிறது. பருத்தியா பாலியெஸ்டரா என்பது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. என் விருப்பம் பருத்தி. உடுத்துபவர் ஒவ்வொரு முறையும் துவைத்து, முறுக்கிக் கட்டி வைக்க வேண்டியிருப்பது, ஆண்டுதோறும் புதிதாகப் பூக்கும் ஒரு மரத்துக்குப் பொருத்தமாகவே எனக்குப் படுகிறது.

காயின் புடைப்புக்கு இரண்டு அடுக்குத் துணிக்கு நடுவே, விதை இருக்கும் இடத்தில் மட்டும் பஞ்சு வைத்துச் சுற்றிலும் தைக்கலாம். மொட்டின் மென்மயிருக்கு வெல்வெட் வாங்க ஓடாமல், தடித்த பருத்தித் துணியின் ஓரத்தில் இழைகளை உருவி விட்டுப் பாருங்கள்.

துணி வாங்கும்போது கால் மீட்டர் மட்டும் முதலில் வாங்குங்கள். ஓர் இழையை எரித்துப் பார்த்தால், பருத்தி காகிதம் எரியும் வாசனையுடன் மெல்லிய சாம்பலாகும். பட்டு, முடி கருகும் வாசனையுடன் நொறுங்கும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகும். பெரிய அளவில் வாங்கத் தீர்மானித்த துணியில் 50 செ.மீ. சதுரம் ஒன்றைக் குறித்துத் துவைத்து உலர்த்தி மீண்டும் அளங்கள். 48 செ.மீ. வந்தால் 4 சதவீதம் சுருங்கும் துணி என்று பொருள். துவைக்காமல் வெட்டினால் உடை இறுகிவிடும்.

சாயம்

சாயமேற்றிய துணியையே கடையில் வாங்கிக்கொள்வது தவறில்லை. ஆனால் ஒரு தொகுப்பில் ஓர் உடைக்காவது தாங்களே சாயமேற்றியவர்களுக்கு நிறத்தைப் பற்றிய அறிவு வேறு விதமாக அமைகிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன். பெருங்கொன்றையின் பட்டையே ஜாவாவில் பாட்டிக் துணிகளுக்குச் ‘சோகா’ என்னும் பழுப்புச் சாயம் தந்தது. அதற்காகச் சாலையோர மரத்தின் பட்டையை உரிக்கக் கூடாது. உரித்தால் மரம் நோயுறும். அதே வகைப் பழுப்பை வெற்றிலையோடு போடும் காசுக்கட்டியிலிருந்து பெறலாம். மஞ்சளுக்குச் செண்டுமல்லி இருக்கிறது, கே.ஆர். மார்க்கெட்டில் மாலை நேரத்தில் மிஞ்சிய பூவைக் குறைந்த விலைக்கு வாங்கி நிழலில் உலர்த்திக்கொள்ளுங்கள். கடுக்காய், படிகாரம், காசுக்கட்டி, அன்னபேதி என்னும் இரும்பு உப்பு எல்லாம் நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பவை. இங்கே கன்னடத்தில் ‘கிரந்திகே அங்கடி’ என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.

எல்லாவற்றையும் உலர்ந்த துணியின் எடையை வைத்தே கணக்கிட வேண்டும். 1 கிலோ பருத்தித் துணியை முதலில் சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்துக் கஞ்சியும் மெழுகும் போக அலசுங்கள். 200 கிராம் கடுக்காய்ப் பொடியைக் கரைத்த நீரில் அதை ஓர் இரவு ஊறவைத்துப் பிழிந்து உலர்த்தி, பிறகு 150 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் ஊறவையுங்கள். பருத்திக்குச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் குணம் குறைவு. கடுக்காயின் துவர்ப்புச்சத்து இழையில் ஒட்டிக்கொண்டு படிகாரத்தைப் பிடித்துத்தர, படிகாரம் சாயத்தைப் பிடித்துக்கொள்கிறது. துணியின் எடைக்குச் சமமான உலர்ந்த செண்டுமல்லியைக் கொதிக்கவைத்து வடிகட்டிய நீரில், கொதிநிலைக்குச் சற்றுக் கீழான சூட்டில், ஒரு மணி நேரம் துணியைக் கிளறிக்கொண்டே இருங்கள். கடைசியில் சிட்டிகையளவு அன்னபேதியைக் கரைத்துச் சேர்த்தால் மஞ்சள், பாசி நிறத்துக்கு இறங்கும். அன்னபேதி கூடினால் இழை காலப்போக்கில் இற்றுப்போகும். இந்தப் பாத்திரங்களைச் சமையலுக்குத் திரும்ப எடுக்கக் கூடாது. பொடியைக் கையாளும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

என் முதல் தொகுப்பில் இந்த இடத்தில்தான் எனக்கு அடி விழுந்தது. உடம்புப் பகுதிக்கான துணியைக் காவிரித் தண்ணீரில் சாயமேற்றியிருந்தேன். கோடையில் குழாய்த் தண்ணீர் இரண்டு நாள் வராமல் போனதால், கைப்பகுதிக்கான துணியை அதே அளவுகளோடு ஆழ்துளைக் கிணற்று நீரில் போட்டேன். பாத்திரத்திலிருந்து எடுத்தபோது மஞ்சள், பழைய பித்தளையைப் போல மங்கியிருந்தது. கடுக்காயின் துவர்ப்புச்சத்து நீரிலிருந்த இரும்போடு சேர்ந்து கருத்துவிட்டது. திரும்ப வெட்டத் துணியும் இல்லை, வாங்கப் பணமும் இல்லை. அந்த உடையைத் தொகுப்பிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே ஒரே உடைக்கான துணி முழுவதையும் ஒரே நாளில், ஒரே நீரில், ஒரே பாத்திரத்தில் சாயமேற்றுங்கள். எந்த நீர் என்பதையும் மாதிரி அட்டையில் எழுதி வையுங்கள்.

ஒவ்வொரு மாதிரியிலும் பாதியைக் கருப்புத் தாளால் மூடி, வெயில் விழும் சன்னல் கண்ணாடியில் இரண்டு வாரம் ஒட்டி வைத்துப் பாருங்கள். சமையல் மஞ்சள் தூளின் நிறம் அழகாக இருந்தாலும் இந்தச் சோதனையில் நிற்காது.

காடாவும் மாஸ்டரும்

இப்போதுதான் உடைகளை வரைய வேண்டும். ஆறு உருவங்களையும் ஒரே தாளில், ஒரே உயரத்தில், பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். தனித்தனித் தாளில் வரைந்தால் அவை ஒரு குடும்பமாகத் தெரிகின்றனவா என்று சொல்ல முடியாது. சுருக்கம் இரண்டு உடைகளிலும், சிறகோரம் மூன்றிலும் வந்தால், இரண்டும் சேர்ந்து வரும் ஆறாவது உடைக்குத் தானாகவே கனம் கூடும். எல்லா உடையிலும் எல்லாவற்றையும் வைத்துவிடாதீர்கள்.

விலையுயர்ந்த துணியைத் தொடுவதற்கு முன் காடாத் துணியில் முழு உடையையும் வெட்டி, டம்மியில் போட்டுப் பார்த்து, பிறகு ஓர் ஆளுக்கு உடுத்தி, உட்காரச் சொல்லி, கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். மெல்லிய துணியில் செய்யப்போகும் உடையைத் தடித்த காடாவில் சோதித்தால் விழும் விதம் மாறும் என்பதால், எடையில் நெருங்கிய காடாவைத் தேடிப் பிடியுங்கள்.

தையலுக்கு ஒரு மாஸ்டரிடம் போகிறவர்கள், வரைந்த படத்தோடு மூலப்பொருளையும் கொண்டுபோக வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து வந்த மாணவி ஒருத்தியை சிவாஜிநகரில் எனக்குத் தெரிந்த மாஸ்டரிடம் அழைத்துச் சென்றிருந்தேன். “மாஸ்டர், இந்த ஓரம் மட்டும் வெறப்பா நிக்கணும், உள்ள கேன்வாஸ் வைக்கலாமா?” என்று அவள் படத்தை நீட்டினாள். அவர் படத்தை வாங்கவில்லை. “அந்தக் காயைக் குடும்மா” என்று வாங்கி, ஓரத்தை விரலிடுக்கில் வைத்து மெல்ல வளைத்துப் பார்த்தார். “இதுல வெறைப்பு எங்க இருக்கு? வளையுது பாரு, ஆனா மடங்கல. கேன்வாஸ் வெச்சா மடங்கிடும். ரெண்டு மடிப்புத் துணியை கிராஸ்ல வெட்டிக்கோ, நெருக்கமா நாலு வரி தையல் போடு, அதுவே நிக்கும்” என்றார். அவர் சொன்னபடி துணியை மூலைவாட்டில் வெட்டித் தைத்தபோது, அப்படியே நின்றது. நாற்பது ஆண்டு துணியைத் தொட்ட விரலுக்குத் தெரிந்ததை மூன்று வாரம் வரைந்த கண்ணும் அங்கே கற்றுக்கொண்டது. அவருடைய கூலியைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். தொகுப்பின் அறிக்கையில் அவர் சம்மதத்தோடு பெயரையும் எழுதுங்கள். நெசவாளரிடமிருந்து துணி வாங்கியிருந்தால் அவருக்கும் இது பொருந்தும்.

ஒப்படைக்கும்போதும் அதன் பின்பும்

செலவுக் கணக்கைத் துணி, சாயப்பொருள், நூல், பொத்தான், கூலி, போக்குவரத்து என்று பிரித்து அன்றன்றே எழுதுங்கள்; கடைசி வாரத்தில் நினைவிலிருந்து எழுதும் கணக்கு எப்போதும் குறைவாகவே வரும். ஒவ்வோர் உடைக்கும் அளவுத்தாள், பேட்டர்ன், துணித் துண்டு, சாயக் குறிப்பு ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள். நடுவர் குழுவின் முன் காயையும் நூல் சுற்றிய அட்டையையும் முதலில் மேசைமேல் வைத்துவிட்டு, அதன் பிறகு உடைகளைக் காட்டுங்கள். தேறாத மாதிரிகளையும் கொண்டுபோங்கள். நீங்கள் எப்படி முடிவெடுத்தீர்கள் என்பதை அவை சொல்லும்.

எல்லாம் முடிந்து உடைகளை ஊருக்கு எடுத்துச் செல்லும்போது பிளாஸ்டிக் உறையில் போடாமல், துவைத்த வெள்ளை மல் துணியில் சுற்றி, வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். மடிப்பு ஒரே கோட்டில் விழுந்து இழை நையாதபடி அவ்வப்போது மாற்றி மடிக்க வேண்டும். சுருக்கம் வைத்த பாவாடையை மட்டும் மடிக்க வேண்டாம். அதை முறுக்கி, கயிறாகச் சுருட்டி, நடுவில் ஒரு நாடாவால் கட்டி வைத்தால், அடுத்த முறை பிரிக்கும்போது சுருக்கம் அப்படியே இருக்கும்.